எபிசோட் 27: போல்ட்டை வரையாதீங்க, பேர் சொல்லிக் கூப்பிடுங்க

(பேசியதன் எழுத்து வடிவம். வாசிப்பதற்காகச் சற்றுத் திருத்தப்பட்டுள்ளது.)

இன்னைக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். நீங்க கேட் மென்பொருள்ல ஒரு சின்ன மெஷின் டிசைன் பண்றீங்க. அதுல 40 போல்ட் வருது. அந்த 40 போல்ட்டையும் நீங்களே வரைவீங்களா?

"ஒண்ணு வரைஞ்சு 39 காப்பி போட்டுடுவேன்"னுதான் பெரும்பாலானவங்க சொல்றாங்க. அறுகோணம் ஒண்ணு, அதுக்குக் கீழ ஒரு உருளை, அஞ்சு நிமிஷ வேலை. திரையில பார்க்க போல்ட் மாதிரியே இருக்கும். ஆனா அது போல்ட் இல்ல, போல்ட்டோட பொம்மை. இந்த எபிசோட் முழுக்க அந்த வித்தியாசத்தைப் பத்தித்தான்.

நான் படிச்சது மெக்கானிக்கல், பண்றது சாஃப்ட்வேர் வேலை. அதனால கேட் மென்பொருள்ல வர்ற ஃபாஸ்டனர் லைப்ரரிகளைப் பார்க்கும்போது எனக்கு உடனே தோணுறது பைத்தான்ல நாம எழுதுற இம்போர்ட் வரிதான். தேதியைக் கணக்குப் பண்ற ஃபங்ஷனை யாரும் இப்போ சொந்தமா எழுதுறதில்ல. ஒருத்தர் எழுதி, ஆயிரம் பேர் சோதிச்ச லைப்ரரியைக் கூப்பிடுறோம். போல்ட்டும் அப்படித்தான். அதை வடிவமைக்கிற வேலையை ஒரு தரநிலைக் குழு ஏற்கெனவே முடிச்சு வச்சிருக்கு. நாம பண்ண வேண்டியது, சரியான பேரைச் சொல்லிக் கூப்பிடுறதுதான்.

முதலில் கொஞ்சம் வரலாறு

மரை கழண்டவன்னு நம்ம ஊர்ல ஈஸியாத் திட்டிடுறோம். ஆனா ஒரு காலத்துல ஒரு பட்டறையில கழண்ட மரையை இன்னொரு பட்டறையில பூட்டவே முடியாது. ஒவ்வொரு பட்டறையும் தனக்குன்னு ஒரு மரை அளவு வச்சிருந்தது. இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் என்ற பொறியாளர் பல பட்டறைகளிலிருந்து திருகுகளைச் சேகரித்து, அளந்து பார்த்து, 1841-ல் ஒரு பொது அளவுமுறையை முன்மொழிந்தார். மரையின் கோணம் 55 டிகிரி. 1864-ல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 60 டிகிரி கோணத்தோடு வேறு ஒரு முறையை முன்மொழிந்தார். இன்னைக்கு நாம பயன்படுத்துற மெட்ரிக் மரையும் 60 டிகிரிதான்.

1947-ல் ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர அமைப்பு தொடங்கியது. அதன் தொழில்நுட்பக் குழுக்களுக்கு வரிசை எண் உண்டு. குழு எண் 1 எதற்குத் தெரியுமா? திருகு மரை. குழு எண் 2 ஃபாஸ்டனர்கள். உலகம் ஒண்ணா உட்கார்ந்து தரம் பேச ஆரம்பிச்சப்போ வரிசையில முதல்ல நின்னது நட்டும் போல்ட்டும்தான்.

கடைக்காரர் கேட்ட கேள்வி

கோயம்புத்தூர்ல என் நண்பர் ஒருத்தர், மேசை மேல வைக்கிற அளவுல ஒரு சின்ன சிஎன்சி ரவுட்டர் டிசைன் பண்ணிட்டு இருந்தார். டிசைன் அழகா வந்திருந்தது. சாமான் வாங்கப் போகும்போது நானும் கூடப் போனேன். அவர் கையில பார்ட்ஸ் லிஸ்ட். அதுல "போல்ட் 1", "போல்ட் 1 காப்பி", "போல்ட் நியூ", "போல்ட் ஃபைனல்"னு வரிசையா இருந்தது. நம்ம கம்ப்யூட்டர்ல ரெஸ்யூமே ஃபைலுக்குப் பேர் வைப்போமே, அதே பாணி.

ஹார்டுவேர் கடை அண்ணன் லிஸ்ட்டைப் பார்த்துட்டுக் கேட்டார்: "ஏங்க தம்பி, எம்8, நீளம் 50-ன்னு போட்டிருக்கீங்க. ஃபுல் த்ரெட்டா ஹாஃப் த்ரெட்டான்னு போடலையே? ஹெச்.டி.யா, எம்.எஸ்.ஸா?"

நண்பர்கிட்ட பதில் இல்ல. அவர் வரைஞ்ச உருளையில அதுக்கெல்லாம் இடமே இல்ல.

இது சும்மா விவரத்துக்காகக் கேட்ட கேள்வி இல்ல. அறுகோணத் தலை போல்ட்ல ரெண்டு தரநிலை உண்டு. ஐஎஸ்ஓ 4014-ன்னா ஹாஃப் த்ரெட், ஐஎஸ்ஓ 4017-ன்னா ஃபுல் த்ரெட். இந்தியத் தரநிலையான ஐஎஸ் 1364-லயும் இந்த ரெண்டும் தனித்தனிப் பகுதியா இருக்கு. எம்8, 50 மி.மீ ஹாஃப் த்ரெட் போல்ட்ல மரை இருக்கிறது 22 மி.மீ மட்டும். மீதி 28 மி.மீ வெறும் தண்டு. நீங்க இறுக்கப் போற பிளேட்டுகளோட மொத்தக் கனம் 20 மி.மீ-ன்னு வச்சுக்கங்க. நட்டைத் திருகிட்டே வருவீங்க. பிளேட்டைத் தொடுறதுக்கு முன்னாடியே அது தண்டுல முட்டி நின்னுடும். ஸ்பேனர்ல பிடிச்சா இறுகின மாதிரியே கைக்குத் தெரியும். ஆனா பிளேட் ஆடும். திரையில இருந்த வழவழ உருளை இதை எந்த இடத்துலயும் காட்டிக்கொடுக்காது.

லைப்ரரி என்ன செய்கிறது

நான் பயன்படுத்துறது ஃப்ரீகேட். கட்டற்ற மென்பொருள். 2024 நவம்பர்ல 1.0 பதிப்பு வந்தது. அதுல ஃபாஸ்டனர்ஸ் ஒர்க்பெஞ்ச்னு ஒரு கூடுதல் தொகுப்பு உண்டு. டூல்ஸ் மெனுவில் ஆட்ஆன் மேனேஜர் போய் நிறுவிக்கலாம். நிறுவி முடிச்சா டூல்பார் நிறைய போல்ட், நட், வாஷர், பின்னுன்னு சின்னச் சின்னப் படங்கள் வரும். ஒவ்வொண்ணுக்கும் பேரு ஐஎஸ்ஓ 4017, ஐஎஸ்ஓ 4762, டின் 933-ன்னு தரநிலை எண்தான். முதல் தடவை பார்க்கிறவங்களுக்கு இது எரிச்சலா இருக்கும். "எனக்கு ஆலன் போல்ட் வேணும், 4762-ன்னா யாருக்குத் தெரியும்?"னு கேட்பீங்க. ஆனா அந்த எண்தான் உங்களுக்கும் கடைக்காரருக்கும் நடுவுல இருக்கிற ஒப்பந்தம்.

வேலை எப்படி நடக்குதுன்னு பார்ப்போம். உங்க பாகத்துல ஒரு துளை இருக்கு. துளையோட வட்ட விளிம்பைத் தேர்ந்தெடுத்துட்டு, தேவையான போல்ட்டோட படத்தை அழுத்துங்க. போல்ட் அந்தத் துளையில போய் உட்காரும். ஆறு விளிம்பைத் தேர்ந்தெடுத்தா ஆறு போல்ட். துளையை நகர்த்தினா போல்ட்டும் கூடவே நகரும். விட்டத்தை "ஆட்டோ"ன்னு விட்டா துளையைப் பார்த்து அதுவே அளவைத் தேர்ந்தெடுக்கும். இங்க ஒரு கவனம் வேணும். துளை ரெண்டு வகை. போல்ட் தாராளமா நுழைஞ்சு போற துளை ஒண்ணு, டாப் போட்டு மரை வெட்டப் போற துளை இன்னொண்ணு. எம்8-க்கு முதல் வகை 9 மி.மீ, ரெண்டாவது வகை 6.8 மி.மீ. எந்த வகைன்னு ஒர்க்பெஞ்சுக்குச் சொல்ல தனிப் பொத்தான்கள் இருக்கு. அதைச் சொல்லிட்டு, எந்த அளவு வந்திருக்குன்னு ஒருமுறை பார்த்துடுங்க.

அந்த 9 மி.மீ எங்க இருந்து வந்ததுன்னு கேட்டா, அதுக்கும் ஐஎஸ்ஓ 273-ன்னு ஒரு தரநிலை இருக்கு. எம்8 நுழைய நெருக்கமான துளை 8.4, நடுத்தரம் 9, தாராளம் 10 மி.மீ. ஃப்ரீகேட்ல துளை போடுற ஹோல் கருவியிலயே இந்த மூணுல எதுன்னு தேர்ந்தெடுக்கலாம். சரியா 8 மி.மீ துளை வரைஞ்சா திரையில போல்ட் கச்சிதமா நுழையும். பட்டறையில மல்லுக்கட்டணும்.

இல்லாததை வரைய விடாது

லைப்ரரியோட பெரிய உதவி, நேரம் மிச்சமாகுறதுன்னு பலர் நினைக்கிறாங்க. என் கணக்குல அது ரெண்டாவதுதான். முதல் உதவி, சந்தையில கிடைக்காததை உங்க டிசைன்ல நுழையவிடாம பண்றது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 10 மி.மீ பிளேட் ரெண்டு, எம்8 போல்ட், ரெண்டு பக்கமும் வாஷர், ஒரு நட். பிளேட் 20. வாஷர் ஒண்ணு 1.6, ரெண்டுக்கு 3.2. நட் உயரம் 6.8. கூட்டினா சரியா 30 மி.மீ. நட்டுக்கு வெளியே ரெண்டு மரையாவது நீட்டிக்கிட்டு இருக்கணும்ங்கிறது பட்டறைப் பழக்கம். எம்8-ல ஒரு மரை 1.25 மி.மீ, அப்போ 2.5 சேர்த்தா 32.5 மி.மீ.

கையால வரையிறவர் 32.5-ன்னே வரைஞ்சுடுவார். கணக்கு சரி, போல்ட்தான் கிடைக்காது. லைப்ரரியில நீளத்தைத் தேர்ந்தெடுக்கப் பட்டியலைத் திறந்தா 25, 30, 35, 40-ன்னு போகும். 30 பத்தாது, 35 எடுக்கணும். அப்போ நட்டுக்கு வெளியே 5 மி.மீ நீட்டும். அந்த 5 மி.மீ பக்கத்துல ஓடுற பெல்ட்டுல உரசுமா? இந்தக் கேள்வி டிசைன் நாற்காலியிலயே வந்துடுது. இல்லேன்னா அசெம்பிளி பண்றவர் ஹேக்சா பிளேடை எடுத்துட்டு வந்து நிக்கும்போதுதான் வரும்.

பட்டியல்ல "கஸ்டம்"னு ஒரு வழியும் உண்டு. போல்ட்டை வெட்டித்தான் ஆகணும்னு முடிவு பண்ணி, அதை டிராயிங்கிலயும் எழுதினா மட்டும் அதைத் தொடுங்க.

16-ஆ, 17-ஆ?

அடுத்து சாஃப்ட்வேர்காரங்களுக்கு ரொம்பப் பழகின ஒரு சிக்கல். பழைய பதிப்பு, புதிய பதிப்பு.

ஃபுல் த்ரெட் போல்ட்டுக்கு ஜெர்மன் தரநிலை டின் 933. அதுக்குப் பதிலா வந்தது ஐஎஸ்ஓ 4017. ஜெர்மனியில் பழையதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஆனா கடையில, பெட்டி மேல, பழைய டிராயிங்ல டின் 933 இன்னும் உயிரோட இருக்கு. கைவிடப்பட்ட லைப்ரரி புரொடக்‌ஷன்ல வருஷக்கணக்கா ஓடுறதை நாம பார்த்ததில்லையா?

ரெண்டும் ஒண்ணுதானேன்னு கேட்டா, எம்6-லயும் எம்8-லயும் ஒண்ணுதான். தலையோட அகலம் 10, 13 மி.மீ. எம்10-க்கு வந்தா டின்ல 17, ஐஎஸ்ஓ-ல 16. எம்12-ல டின் 19, ஐஎஸ்ஓ 18. மரை ஒண்ணு, நீளம் ஒண்ணு, ஸ்பேனர் மட்டும் வேற. நம்ம ஊர் ஓப்பன் ஸ்பேனர் செட்ல ஒரு முனை 16, மறுமுனை 17-ன்னே வருது. அதனால கையில ஸ்பேனர் வச்சிருக்கிறவருக்குப் பெரிய பிரச்சினை இல்ல, திருப்பிப் பிடிச்சா ஆச்சு. ஆனா தலைக்கு மேல சாக்கெட் ஸ்பேனர் போறதுக்குக் கணக்குப் போட்டு நீங்க ஒரு குழி விட்டிருந்தா, அந்த 1 மி.மீ உங்களை நிறுத்திடும். அறுகோணம் சுத்தாம தலை அடங்கி உட்காருற மாதிரி பள்ளம் வெட்டியிருந்தா, 16-க்கு வெட்டினதுல 17 இறங்கவே இறங்காது.

அதனால ஒரு டிசைன்ல ஒரு குடும்பத்தை மட்டும் வச்சுக்கங்க. ஐஎஸ்ஓ-ன்னா எல்லாமே ஐஎஸ்ஓ. ஃபாஸ்டனர்ஸ் ஒர்க்பெஞ்ச்ல ரெண்டு படமும் ஒரே டூல்பார்ல இருக்கும், கை தவறி மாத்தி எடுக்கிறது சுலபம்.

கண்ணால் பொருத்திய 90 போல்ட்

"இதெல்லாம் இவ்வளவு முக்கியமா? பார்த்தாலே தெரியுமே"ன்னு நினைக்கிறவங்களுக்காக ஒரு உண்மைச் சம்பவம்.

1990 ஜூன் 10. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390. பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினின் மலகாவுக்குப் புறப்பட்ட விமானம். சுமார் 17,000 அடி உயரத்தில் ஏறிக்கொண்டிருந்தபோது விமானி அறையின் முன்கண்ணாடி ஒன்று பிய்த்துக்கொண்டு போனது. கேப்டனின் உடலில் பாதி விமானத்துக்கு வெளியே இழுக்கப்பட்டது. ஊழியர்கள் அவருடைய கால்களைப் பிடித்துக்கொண்டார்கள். துணை விமானி சவுத்தாம்ப்டனில் விமானத்தைப் பத்திரமாக இறக்கினார். கேப்டன் உயிர் பிழைத்தார்.

விசாரணையில் தெரிந்தது இதுதான். ஏறக்குறைய ஒரு நாளுக்கு முன்னால் இரவுப் பணியில் அந்தக் கண்ணாடியை மாற்றியிருந்தார்கள். மாற்றியவர், கழற்றிய பழைய போல்ட்டைக் கையில் வைத்து, கண்ணால் ஒப்பிட்டுப் பார்த்து, அதே மாதிரி இருப்பவற்றை எடுத்துப் போட்டார். பாகப் பட்டியலைப் பார்க்கவில்லை. பொருத்திய 90 போல்ட்டில் 84 போல்ட் விட்டம் குறைந்தவை. எவ்வளவு குறைவு? 0.026 அங்குலம், ஏறக்குறைய 0.66 மி.மீ. போட்டிருக்க வேண்டியது ஏ211-8டி. போட்டது ஏ211-8சி. ஓர் எழுத்து வித்தியாசம்.

இதுல இன்னொரு விஷயம் என்னை ரொம்ப யோசிக்க வச்சது. அவர் ஒப்பிட எடுத்த பழைய போல்ட்டும் ஏ211-7டி. அதுவே சரியான போல்ட் இல்ல, கொஞ்சம் நீளம் குறைஞ்சது. ஏற்கெனவே தவறா இருந்த ஒண்ணைப் பார்த்து, அதைவிடத் தவறான ஒண்ணு வந்திருக்கு. காப்பி-பேஸ்ட்ல நடக்கிறது அப்படியே இதுதான். பழைய டிசைன்ல இருந்து போல்ட்டை உருவி ஒட்டும்போது, அது எந்தத் தரநிலை, யார் தேர்ந்தெடுத்தாங்க, ஏன்னு எதுவும் கூட வராது. உருவம் மட்டும்தான் வரும். கண்ணு உருவத்தைத்தான் நம்பும். அதனாலதான் பேர் வேணும்.

லைப்ரரிக்குத் தெரியாதது

இவ்வளவு புகழ்ந்துட்டு, அதோட எல்லையைச் சொல்லலேன்னா தப்பு.

முதல் எல்லை வலிமை. கடை அண்ணன் "ஹெச்.டி.யா எம்.எஸ்.ஸா"ன்னு கேட்டாரே, அந்தக் கேள்விக்கு லைப்ரரியோட வடிவம் பதில் சொல்லாது. 4.6, 8.8, 10.9 எல்லாத்துக்கும் உருவம் ஒண்ணுதான். 8.8-ன்னா என்ன? முதல் எண்ணை 100-ஆல பெருக்குங்க, 800 மெகாபாஸ்கல் இழுவிசை வலிமை. அதுல 0.8 பங்கு, அதாவது 640-ல போல்ட் நிரந்தரமா நீள ஆரம்பிக்கும். 4.6-க்கு இதே கணக்கு 400, 240. ரெண்டரை மடங்குக்கு மேல வித்தியாசம். இதை நீங்கதான் பார்ட்ஸ் லிஸ்ட்ல எழுதணும். முழுப் பேர் இப்படி இருக்கணும்: "அறுகோணத் தலை, ஐஎஸ்ஓ 4017, எம்8×35, 8.8, துத்தநாகப் பூச்சு". இதுல எதை விட்டாலும், அதைக் கடைக்காரர் உங்களுக்காக முடிவு பண்ணுவார்.

ரெண்டாவது எல்லை மரையோட உருவம். ஒர்க்பெஞ்ச்ல "த்ரெட்"ங்கிற தேர்வை இயக்கினா உண்மையான சுருள் மரை வரும். பார்க்க அழகு. ஆனா 40 போல்ட்டுக்கும் இயக்கினா கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும், ஃபைலும் வீங்கும். மரையை நீங்களே 3டி பிரிண்ட் பண்ணப் போறீங்கன்னா மட்டும் இயக்குங்க. வாங்கிப் போடுற போல்ட்டுக்கு வெறும் உருளை போதும். அப்போ முதல்ல பொம்மைன்னு சொன்னதும் உருளைதானேன்னு கேட்கலாம். ஆமா, உருவம் ஒண்ணுதான். ஆனா இந்த உருளைக்குப் பேர் இருக்கு.

மூணாவது, நான் முன்னாடி சொன்ன இம்போர்ட் விஷயம். இம்போர்ட் பண்ணினா அதுக்கே உரிய தலைவலியும் கூட வரும். உங்க ஃபைலை ஒர்க்பெஞ்ச் நிறுவாத கம்ப்யூட்டர்ல திறந்தா, சேமிச்ச உருவம் தெரியும், ஆனா அளவை மாத்த முடியாது. சில வணிக மென்பொருள்கள்ல ஒரு போல்ட்டோட எல்லா அளவும் ஒரே ஃபைலுக்குள்ள இருக்கும். எதிராளியோட லைப்ரரி வேற மாதிரி அமைஞ்சிருந்தா, உங்க எம்6 அங்க வேற அளவுல வந்து நிக்கும். அதனால டீமா வேலை செய்றவங்க லைப்ரரியை ஒரே இடத்துல, ஒரே பதிப்புல வச்சுக்கணும். வெளியே அனுப்பும்போது ஸ்டெப் ஃபைலோட பார்ட்ஸ் லிஸ்ட்டையும் சேர்த்து அனுப்பணும்.

நாளையிலிருந்து என்ன செய்யலாம்

சுருக்கமா அஞ்சு பழக்கம் சொல்றேன்.

ஒண்ணு, டிசைனைத் தொடங்கும்போதே ரெண்டு மூணு அளவுக்குள்ள நிக்கணும்னு முடிவு பண்ணுங்க. எம்5, எம்6, எம்8 போதும்னா எம்7-ஐ எட்டிக்கூடப் பார்க்காதீங்க. அசெம்பிளி பண்றவர் கையில ஸ்பேனர் குறையும், கடையில பில் வரியும் குறையும்.

ரெண்டு, போல்ட்டோட வாஷரையும் நட்டையும் சேர்த்தே வைங்க. அப்போதான் நீளம் சரியா வரும்.

மூணு, போல்ட் உட்கார்ந்த பிறகு அதுக்கு மேல ஸ்பேனரோ ஆலன் கீயோ நுழைய இடம் இருக்கான்னு பாருங்க. லைப்ரரி போல்ட்டைத் தரும், உங்க கையைத் தராது.

நாலு, பார்ட்ஸ் லிஸ்ட்டை லைப்ரரியிலிருந்தே எடுங்க. கையால எண்ணினா 38-ம் வரும், 41-ம் வரும்.

அஞ்சு, லைப்ரரியில தப்போ குறையோ கண்டா அதைச் சரி பண்ணப் பங்களிங்க. ஃபாஸ்டனர்ஸ் ஒர்க்பெஞ்ச் பைத்தான்ல எழுதினது, அளவுகள் சிஎஸ்வி அட்டவணையில இருக்கு. எக்ஸெல் தெரிஞ்ச ஒரு மெக்கானிக்கல் மாணவர், தரநிலையைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, ஒரு வரியைச் சரிபார்த்து அனுப்பலாம். கட்டற்ற மென்பொருளுக்குப் பங்களிக்க சி++ கரைச்சுக் குடிச்சிருக்கணும்னு யாராவது பயமுறுத்தினா நம்பாதீங்க.

நாம திரையில பண்ற ஒவ்வொரு க்ளிக்கும் கடைசியில ஒருத்தர் கைக்குப் போகுது. அவர் கேட்கிறது ஒண்ணுதான்: "எந்த போல்ட்டுங்க?" அந்தக் கேள்விக்கு டிராயிங்கே பதில் சொல்லணும், உங்களுக்கு ஃபோன் பண்ணித் தெரிஞ்சுக்கிற மாதிரி இருக்கக் கூடாது.

அடுத்த எபிசோட்ல பேரிங் பத்திப் பேசலாம். 6204-ங்கிற எண்ணைப் பார்த்தே அதோட உள்விட்டம் 20 மி.மீ-ன்னு எப்படிச் சொல்றாங்கன்னு அங்க பார்ப்போம். அதுவரைக்கும் உங்க பழைய டிசைன் ஒண்ணைத் திறந்து, அதுல எத்தனை "போல்ட் காப்பி" இருக்குன்னு எண்ணிப் பாருங்க.